நகரத்துக்குள் கூட்டுக் காய்கறித் தோட்டம்: நாகர்கோவில் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து காலி இடத்தில் காய்கறி போடுவதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பதில்கள் நாகர்கோவிலை மனதில் வைத்து எழுதியவை. மார்த்தாண்டம், தக்கலை பக்கம் இருப்பவர்களுக்கு மழைக் கணக்கு கொஞ்சம் மாறும். அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

கூட்டுத் தோட்டம்னா என்ன? எல்லாரும் சேர்ந்து ஒரே விளையில விவசாயம் பண்ணுறதா?

இரண்டு வகை உண்டு. ஒன்று, இடம் பொது, பாத்தி தனித்தனி. அவரவர் பாத்தியில் அவரவர் விளைச்சல். இன்னொன்று, எல்லாமே பொது. வேலையும் பொது, பறிப்பதும் பொது. பாத்தி பிரித்துக் கொடுக்கும் முறைக்குப் பிரிட்டனில் 1908ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. மக்கள் கேட்டால் உள்ளாட்சி நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அங்கே வழக்கமான ஒரு பங்கு சுமார் 250 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்கும் சற்று மேல். நாகர்கோவிலில் ஆறு சென்ட் என்பது ஒரு வீட்டு மனை. அதனால் நமக்கு ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று பாத்தி என்பதே நடக்கிற காரியம்.

இங்கே சரிப்பட்டு வருவது இரண்டும் கலந்த முறை. கீரை, மிளகாய், பயறு, வெண்டை எல்லாம் தனிப் பாத்தியில். சேனை, காச்சில், வாழை, கறிவேப்பிலை போல நாள் பிடிப்பவை ஓரங்களில், பொதுவாக.

வடசேரி சந்தையில எல்லாம் கிடைக்குது. இதுக்கு எதுக்கு மெனக்கெடணும்?

பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். முதல் வருஷம் வேலிக்கும் குழாய்க்கும் போகிற காசு காயில் திரும்பி வராது. ஆனால் கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பயத்தங்காய் இந்த நாலும் ஒரு வீட்டுக்குத் தினமும் வேண்டும், மருந்தடி அதிகம் என்ற பயமும் இவற்றில்தான். இவற்றைப் பறித்த கையோடு அடுப்பில் போடுவதை ஒரு தடவை அனுபவித்தவர்கள் விடுவதில்லை. அப்புறம், சிறுகிழங்கு, காச்சில் மாதிரி பொங்கல் நேரத்தில் மட்டும் சந்தையில் எட்டிப் பார்க்கும் கிழங்குகளின் விதை நம் கையில் நிற்கிறது. என் வரையில் அது பெரிய காரணம்.

சும்மா கெடக்க மனையில போட்டா யாரு கேக்கப் போறா?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தனியார் மனை என்றால் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் ஒரு விதைகூடப் போடாதீர்கள். குளத்தங்கரை, சானல் ஓரம், புறம்போக்கு எதுவும் வேண்டாம். நிலத்துக்கு 1905ஆம் ஆண்டுச் சட்டமும், குளங்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. காய்கறிதானே என்று தொடங்கியதும் ஆக்கிரமிப்புக் கணக்கில்தான் வரும். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை வழியாகத்தான் போக வேண்டும். அதிலும் 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி கட்டாயம்.

பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் கிடக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடம் குடியிருப்போர் சங்கத்தின் சொத்து அல்ல. மாநகராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பூங்காவின் ஒரு பகுதியாக, யாரும் உள்ளே வந்து போகும்படி நடத்தலாம். வேலி போட்டுப் பூட்டி நாலு குடும்பம் மட்டும் வைத்துக்கொள்வது முறையல்ல.

பள்ளி வளாகம், தேவாலய வளாகம், வெளிநாட்டில் இருப்பவர்களின் மனை, இந்த மூன்றையும் முதலில் விசாரியுங்கள். வளைகுடாவில் இருப்பவர் மனையில் காடு மண்டிப் பாம்பு வருகிறது என்று பக்கத்து வீட்டார் ஏற்கெனவே அவரிடம் முறையிட்டிருப்பார்கள். சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று நீங்கள் போய்ச் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

இடத்துக்காரர் "நாளைக்கு நீங்க எழும்ப மாட்டீங்களே"ன்னு பயப்படுறார். அவருக்கு என்ன சொல்ல?

அவர் பயம் நியாயமானது. சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உள்ள மாநிலம் இது. அதனால் குத்தகை என்ற சொல்லே இல்லாமல், வாடகையும் விளைச்சல் பங்கும் இல்லாமல், பயன்படுத்திக்கொள்ள அனுமதி என்ற அளவில் ஒரு வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் 11 மாதத்துக்கு எழுதுவார்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. எத்தனை நாள் முன்னறிவிப்பு, நிற்கும் பயிர் யாருக்கு, கிணற்று மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுவது, இந்த மூன்றும் தாளில் இருக்கட்டும்.

தென்னை, மா, பலா வைக்க மாட்டோம் என்றும் எழுதிக் கொடுங்கள். மரம் வைத்தால் உரிமை பேச வருவார்கள் என்பதுதான் ஊரில் எல்லோருடைய பயமும்.

தண்ணி எவ்வளவு வேணும்? கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி போதுமா?

எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் மண்ணைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். நல்ல வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் வேண்டும். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். ஆக, சென்ட்டுக்கு 160 முதல் 200 லிட்டர். ஐந்து சென்ட் தோட்டத்துக்கு மாசி, பங்குனியில் தினம் ஆயிரம் லிட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை நம்பி இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. முக்கடல் அணையில் தண்ணீர் இறங்கும் நாளில் ஊருக்கே முறை வைத்து விடும்போது நாம் கீரைக்கு ஊற்றிக்கொண்டிருந்தால் தெரு நம் பக்கம் நிற்காது.

கிணறு உள்ள இடமே இடம். கோடையில் அதில் எத்தனை உறை தண்ணீர் நிற்கும் என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் பயறும் வெண்டையும் திணறும். சாக்கடை கலந்த ஓடை, சானல் தண்ணீரைப் பச்சையாகத் தின்னும் எதற்கும் கீரைக்கும் விடவே கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடலாம்.

தேவையைக் குறைக்க நம் ஊரிலேயே வழி இருக்கிறது. தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையை, பள்ளத்தின் அடியில், குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினால் ஈரம் பல நாள் நிற்கும். மேலே சருகு மூடாக்கு. கடல் பக்கம் உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பை என்றால் ஒரு மழை நனைந்த பிறகு எடுங்கள்.

எங்க இடம் செம்மண்ணு, போதாததுக்கு வீடு இடிச்ச கழிவும் கெடக்கு. ஏதாவது வருமா?

வரும், ஆனால் சோதிக்காமல் எதையும் அள்ளிப் போடாதீர்கள். நம் சரளைச் செம்மண் பொதுவாகப் புளிப்புத் தன்மை உள்ளது, சுண்ணாம்பு கேட்கும். இடித்த சுவரின் காரையோ சுண்ணாம்புதான். ஒரே மனையில் ஒரு மூலை புளித்தும் இன்னொரு மூலை காரமாகவும் இருக்கும். எல்லா இடத்துக்கும் சுண்ணாம்பு தூவினால் இடிபாடு கிடந்த மூலையில் பயிர் மஞ்சளித்து நின்றுவிடும். கல், காரையைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு அந்த இரு பகுதிக்கும் தனித்தனி மாதிரி எடுங்கள்.

மாதிரி எடுப்பது எளிது. சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் முக்கோண வெட்டாக ஒரு சாண் ஆழத்துக்குள், சரியாகச் சொன்னால் 15 செ.மீ., குழி எடுங்கள். குழியின் சரிந்த பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரற்கடை கனத்துக்குச் சீவுங்கள். இப்படிப் பத்து இடத்தில் சீவியதைக் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்தி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்டால் முடிவை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்வார்கள்.

பழைய ஒர்க்ஷாப், பேட்டரிக் கடை, பெயின்ட் அடித்த இடம் என்றால் கீரையும் கிழங்கும் அந்த மண்ணில் வேண்டாம். ஈயம் மண்ணைவிட்டுப் போவதில்லை. வேறு மண் நிரப்பிய பை அல்லது தொட்டியில் போடுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்களே, நமக்கும் அதேதானா?

நமக்கு இரண்டு மழை. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. நாஞ்சில் நாட்டு வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் இதனால்தான். மேற்கே, மார்த்தாண்டமும் தக்கலையும் இருக்கும் விளவங்கோடு, கல்குளம் பக்கம் தென்மேற்கு நன்றாகப் பெய்யும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, தோவாளை பக்கம் போகப் போகக் குறையும்.

மார்த்தாண்டத்தில் ஆனியில் கொட்டும் மழையில் கீரை விதை அடித்துக்கொண்டு போகும்; நாகர்கோவிலில் அதே ஆனி, ஆடியில் சாரலோடு காற்றும் இருக்கும், வெண்டையும் பயறும் தாராளமாகப் போடலாம். அடைமழைக் காலத்தில் தாழ்வான பாத்தி இரண்டு பேருக்கும் ஆகாது. மண்ணை ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள். கிழங்குகளுக்குக் கணக்கு வேறு: சேனை மாசி, பங்குனியில், மரச்சீனி (மரவள்ளி) சித்திரை மழைக்கு, சிறுகிழங்குக் கொடி ஆடி, ஆவணியில்.

முதல்ல என்ன போட்டா கை விடாது?

தண்டங்கீரை. நாலு வாரத்தில் பறிக்கலாம், புதிதாக வருகிறவர்களுக்கு அந்த நாலு வாரம் போதும், நம்பிக்கை வந்துவிடும். கூடவே வெண்டை, பயறு. இரண்டும் ஏறக்குறைய 45 நாளில் காய்க்கத் தொடங்கும். அப்புறம் வழுதலை (கத்திரி), சீனியவரை, காந்தாரி மிளகாய். கேரட், காலிஃப்ளவர் கேட்டு வருகிறார்கள். நம் சூட்டுக்கு அவை வேண்டாம்.

மரச்சீனி போட ஆசைப்பட்டால் இனிப்பு ரகம் பார்த்துக் கம்பு வாங்குங்கள். திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் அவித்து வடித்துத்தான் தின்ன வேண்டும். கசந்தால் தூரப் போடுங்கள், அதில் சயனைடு இருக்கிறது. வெட்டிய இலையைத் தெருவில் எறியாதீர்கள். ஆடு தின்றால் செத்துப்போகும்.

எல்லா இடத்துலயும் தென்னை நிக்குது. நிழல்ல என்ன வரும்? இலையெல்லாம் கரி பிடிச்ச மாதிரி ஆகுதே?

சேம்பு, சேனை, கூவை, இஞ்சி, மஞ்சள் இவை அரை நிழலில் நன்றாக வரும். வெண்டையையும் பயறையும் வெயில் விழும் பக்கம் கொண்டுபோங்கள். கரி போலப் படிவது தென்னையில் இருக்கும் சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் காணப்பட்டு எங்கும் பரவிய பூச்சி இது. மேலே ஓலையின் அடியில் அது சாறு உறிஞ்சிவிட்டுத் தேன் போல ஒழுக விடுவதில் கரும்பூஞ்சணம் வளர்கிறது. கீழே இருக்கும் செடிக்கு மருந்து அடித்துப் பயனில்லை. பீய்ச்சித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், தென்னையில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள்.

எங்களுக்கு நிலமே இல்ல, அபார்ட்மென்ட் மாடிதான். மண்ணு கொட்டிப் பாத்தி கட்டலாமா?

கட்டாதீர்கள். ஏறிப் போகக்கூடிய மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதியில் வைத்திருக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 15 செ.மீ. கனத்துக்கு ஈர மண் கொட்டினாலே 240 கிலோவைத் தாண்டும். அதில் நீங்கள் ஏறி நிற்பதும் மழைத் தண்ணீர் தேங்குவதும் சேராது. தென்னைநார்த்தூள், மட்கு, கொஞ்சம் மண் கலந்த பைகளை இடைவெளி விட்டு, உத்தரமும் சுவரும் வரும் கோட்டின் மேல் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் எதுவும் வேண்டாம். தோட்டக்கலைத் துறை அவ்வப்போது மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு தருகிறது, வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

மாடிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலை சுற்றும் அதே காற்றுதான் ஆனி, ஆடியில் நம் பந்தலையும் பிய்க்கும். புடலை, பாகல் பந்தலைக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்குமேல் கட்டாதீர்கள்.

மீன் கழிவ உரமா போடலாமா? நாத்தம் வந்து பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர மாட்டாங்களா?

பச்சையாகப் புதைத்தால் நாயும் பெருச்சாளியும் ராத்திரியே கிளறிவிடும், சண்டையும் வரும். மீன் அமிலமாகச் செய்யுங்கள். கழிவை நறுக்கி, அதே எடை வெல்லம் சேர்த்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் மூடி நிழலில் மூன்று வாரம் வைத்தால் தேன் பதத்தில் ஒரு நீர் வரும். நாற்றம் போய்ப் பழ வாடை வந்தால் தயார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். உப்பு போட்ட மீன், கருவாட்டுக் கழிவு கூடாது.

சைவ வீடுகள் பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது வேறொருவர் வீட்டில் செய்து கொண்டுவாருங்கள். வீட்டுக் காய்கறிக் கழிவும் பலாச்சக்கை மடலும் வாழைத்தண்டுமே மட்குக்குத் தாராளம்.

மழை வந்தா பெரிய பெரிய நத்தை கூட்டமா வந்து ராத்திரியோட எல்லாத்தையும் தின்னுட்டு போகுது. உப்பு தூவலாமா?

மண்ணில் உப்பு வேண்டாம், பிறகு செடி வராது. இது ஆப்பிரிக்கப் பெருநத்தை. சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடிந்ததும் சாக்கைத் தூக்கினால் இலைக்கடியில் அப்பிக் கிடக்கும். கையுறை போட்டு அள்ளி, உப்புக் கரைத்த வாளியில் போட்டு, செத்தபின் ஆழப் புதையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்; மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். அதே காரணத்தால் மழைக்காலக் கீரையை நன்றாக அலசி, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

தண்ணீர்க் கேள்வியில் சொன்ன மூடாக்குக்கு இங்கே ஒரு திருத்தம்: நத்தை உள்ள இடத்தில் மழைக்காலம் முழுக்க மேல் சருகை ஒதுக்கிவிடுங்கள், அதுதான் அதற்கு வீடு. ஒரே தெருவில் நாலு வீடு சேர்ந்து பொறுக்கினால்தான் குறையும்.

மயில் வந்து நாத்தைக் கொத்துது. வெடி போடலாமா?

கூடாது. மயிலைத் துன்புறுத்துவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நாற்றுப் பருவத்தில் பழைய மீன்வலையைத் தாழ்வாக விரித்துக் கட்டுங்கள். குளச்சல், மணக்குடி பக்கம் கேட்டால் கிழிந்த வலை கிடைக்கும். பறவை சிக்காதபடி இழுத்துக் கட்டி, தினமும் பார்க்க வேண்டும்.

டெங்குன்னு கார்ப்பரேஷன்ல இருந்து வந்து டிரம்ல இருக்க தண்ணிய எல்லாம் கவுத்துட்டு போறாங்களே?

அவர்கள் செய்வது சரி. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். டிரம்மின் வாயில் துணி இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருநாள் காலியாக்கி உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். வெட்டிப் போட்ட சிரட்டை, பைக்கு அடியில் வைத்த தட்டு இவற்றையும் பாருங்கள்.

ஒருத்தர் வேலைக்கு வாறதே இல்ல, பறிக்க மட்டும் கரெக்டா வாறாரு. எப்படிச் சொல்ல?

தோட்டங்கள் பூச்சியால் நிற்பதில்லை, இதனால்தான் நிற்கின்றன. மனஸ்தாபம் வந்தபின் விதி போட்டால் அது அந்த ஒருவருக்காகப் போட்டதாகிவிடும். முதல் விதை விழும் முன் எல்லோரும் கூடி எழுதிவிடுங்கள்: பொதுப் பாத்தி விளைச்சல் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு, தனிப் பாத்தி மூன்று வாரம் சொல்லாமல் கொள்ளாமல் கிடந்தால், ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டு, காத்திருக்கும் அடுத்தவருக்கு. உடம்பு முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் சொல்லிவிட்டால் போதும், பாத்தியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். குனிந்து வேலை செய்ய முடியாத பெரியவர்களுக்கு விதை உலர்த்துவது, கணக்கு எழுதுவது, சாவி வைத்திருப்பது என்று உண்மையான பொறுப்பு கொடுங்கள்.

வேலை நாளையும் யோசித்து வையுங்கள். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பாதித் தெரு. ஞாயிறு காலை வைத்தால் அவர்களை வரவேண்டாம் என்று சொன்ன மாதிரி. சனி சாயங்காலம் எல்லோருக்கும் ஒத்துவரும். பணத்தை இரண்டு பேர் பொறுப்பில் வைத்து, மாதக் கணக்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம், யார் பாத்தி யார் பாத்திக்கு அடுத்தது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது என்பதையும் முதல்நாளே எழுதுங்கள். ஊர் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

வாழைக்குலையை ராத்திரி வெட்டிட்டு போயிட்டாங்க. கேமரா வைக்கலாமா?

அதற்கு முன் ரோட்டோரம் மட்டி, செவ்வாழை வைப்பதை நிறுத்துங்கள். வெளிப்பக்கம் சேம்பும் கூவையும் இருக்கட்டும், குலை உள்ளே இருக்கட்டும். வேலி ஓரம் முருங்கையோ கறிவேப்பிலையோ வைத்து, வேண்டியவர்கள் ஒடித்துக்கொள்ளலாம் என்று விடுங்கள். தெருவே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மிஞ்சுறத உழவர் சந்தையில விக்கலாமா?

வடசேரி உழவர் சந்தையில் கடை போட விவசாயி அடையாள அட்டை வேண்டும். நிலப் பதிவு இல்லாத கூட்டுத் தோட்டத்துக்கு அது கிடைப்பது கடினம். தெருவுக்குள் சனி சாயங்காலம் வைத்து விற்று, காசைப் பொதுப் பணத்தில் சேருங்கள். ஒன்று கவனம்: இடத்துக்காரரோடு எழுதிய தாளில் வியாபாரம் கூடாது என்று இருந்தால் விற்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு என்று கேட்டுவிட்டு விற்றால் அவர் பயந்தது சரியாகிவிடும்.

இடத்துக்காரர் வீடு கட்டப் போறேன்னுட்டார். சேனை கிழங்கு பிடிக்கிற நேரம். இப்ப என்ன பண்ண?

முன்னறிவிப்பு நாள் தாளில் இருக்கும், அதைக் காட்டி மரியாதையாகக் கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டும் இடம் எது, லாரி வரும் வழி எது என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்தை முதலில் காலி செய்யுங்கள். மற்ற மூலையில் ஒரு மாதம் தர எத்தனையோ பேர் சம்மதிப்பார்கள். முற்றாத சேனையைத் தோண்டினால் கறிக்கு ஆகும், விதைக்கு ஆகாது. இலை தானாகப் பழுத்துச் சாயும்வரை விட முடிந்தவற்றை மட்டும் விதைக்கு எடுங்கள். சிறுகிழங்குக் கொடியையும் சேம்பையும் ஈரச் சாக்கில் சுற்றி வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம், தொட்டியில்கூட உயிர் நிற்கும். மட்கு முழுக்க உங்களுடையது. மேல்மண் இடத்துக்காரருடையது, கேட்டுத்தான் அள்ள வேண்டும். வீடு கட்டுகிறவர் பெரும்பாலும் எடுத்துக்கோ என்றுதான் சொல்வார். சாக்குகளை அடுக்கிவைக்க ஒரு வீட்டு முற்றம் பார்த்துவிட்டு, அடுத்த இடம் தேடப் போங்கள். போகும்போது வாளியும் கயிறும் கையில் இருக்கட்டும்.